ஆண்டியப்பன் கொட்டகைப் புற்று

கரையான் மருந்து வாங்க வருகிறவர்கள் யாரும் அழுதுகொண்டு வருவதில்லை. தென்னங்கன்றில் ஏறிவிட்டது, நிலைக்கதவை அரித்துவிட்டது என்று எரிச்சலோடு வருவார்கள். நானும் ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடிக்கச் சொல்லி அனுப்புவேன். அரிமளத்தில் இத்தனை வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன், வேறு மாதிரிப் பார்த்ததில்லை. அன்றைக்கு சுடர்விழி கடைக்குள் வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஏழு மாதம் முடிந்து வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பிள்ளை. மூச்சு வாங்கியபடி உர மூட்டை மேல் உட்காரப் போனவளைத் தடுத்து என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உர மூட்டை மேல் பிள்ளைத்தாச்சி உட்காரலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. அவள் விஷயத்தில் தெரியாததற்கெல்லாம் பயந்துகொண்டிருந்தோம்.

"மாமா, கரையான் மருந்து வேணும். அம்மாட்ட சொல்லாதீங்க."

"எங்கத்தா ஏறியிருக்கு?"

"கொட்டாயில. அப்பா வரைஞ்ச படத்துக்குப் பக்கத்துல." குரலைத் தணித்துக்கொண்டாள். "புத்து கட்டிருச்சு மாமா."

எடுத்த பாட்டிலை நான் மேஜைக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கரையான் வேறு, புற்று வேறு. கரையான் என்றால் மருந்து. புற்று என்றால் மஞ்சள். இரண்டும் ஒரே பூச்சி செய்கிற வேலைதான் என்பது கடைக்காரன் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் மண் முளைத்து முழங்கால் உயரம் வந்துவிட்டால் அது பூச்சி இல்லை, ஆத்தா. அதிலும் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் புற்றில் கை வைக்கவே கூடாது. வைத்தால் வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். சுடர்விழிக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதமே மூச்சில்லாமல் பிறந்து, துணியில் சுற்றி வாங்கி வந்தோம். துணியை வாங்கியது என் கைதான். அதனால் எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை என்று தைரியமாகச் சொல்லவும் முடியாது.

அவள் அப்பன் ஆண்டியப்பன் எனக்கு மச்சான் முறை. நிலக்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்து, யாரோ ஒரு வாத்தியார் செய்த சிபாரிசில் நார்வே போனவன். வரைபடத்தில் பார்த்தால் உலகத்தின் உச்சந்தலையில் இருக்கும் தேசம். அங்கேயும் வடக்குக் கோடியில், மீன் பிடிக்கிற ஊரில், பகலில் மீன் கழுவி மற்ற நேரம் படம் வரைந்தான். நடுவில் ஒரு தடவை வந்து, எனக்குத் தங்கச்சி முறையாகும் செவந்தியைக் கட்டினான். அப்புறம் வருவான், போவான். செவந்தி ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அங்கே அவனை 'ஆண்டி' என்று கூப்பிட்டார்களாம். வெள்ளைக்காரனிடம் அது நல்ல பெயராம். "இங்க அந்தப் பேர வச்சா சோறு போட மாட்டாங்க மச்சான், அங்க படம் வாங்குறாங்க" என்று சிரிப்பான்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே இருந்தவரைக்கும் அவன் வரைந்தது எல்லாம் நம் ஊர். செம்மண் பொட்டல், முந்திரிக்காடு, வறண்ட கண்மாய். தாடி வெளுத்து ஊரோடு வந்து சேர்ந்த பிறகு வரைந்தது எல்லாம் பனி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஆறடி உயரத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, செம்மண்ணைச் சலித்துப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து அடிப்பூச்சாகப் பூசுவான். அதற்கு மேல் ஜெகதாப்பட்டினத்திலிருந்து வாங்கிவந்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெள்ளை. சிவப்பு லேசாகத் தெரியத் தெரிய வெள்ளைக்கு மேல் வெள்ளை. பார்த்துவிட்டு நான், "என்ன மச்சான், பொங்கலுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்க?" என்றேன். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"அங்க மொத வருசம், மாசக்கணக்கா சூரியனே வரல மச்சான். பனி பேயுது, ஒரு சத்தமில்ல. நான் செத்துட்டேன் போலருக்கு, எவனும் எங்கிட்டச் சொல்லல போலருக்குன்னு நெனச்சேன். அப்புடி ஒரு பயம். அந்தப் பயத்துல கண்ண மூடினா நம்ம பொட்டலு வந்து நிக்கும். அதத்தான் வரைஞ்சேன். இங்க வந்து படுத்தா அந்தப் பனி வந்து நிக்குது. என்ன பண்ணச் சொல்ற?"

அங்கே வரைந்ததில் பெரிய சிவப்புப் படம் அந்த நாட்டு மியூசியத்திலேயே தங்கிவிட்டது. இங்கே வரைந்த பெரிய வெள்ளைப் படம் அதற்கு ஜோடி. அதே அளவு. "ரெண்டும் ஒரு செவுத்துல நிக்கணும் மச்சான். அப்பத்தான் நான் எங்கிட்டு இருந்தேன்னு எனக்கே தெரியும்" என்பான். தெரிந்துகொள்ளாமலே ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். இப்போதுதான் அந்த நாட்டுக்காரர்கள் சிவப்புப் படத்தைச் சென்னைக்குக் கொண்டுவருகிறார்கள். சென்னையில் ஓவியக்கூடம் நடத்துகிற இசைவாணி என்ற பெண், வெள்ளைப் படத்தை எடுத்துப்போக சனிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். சிவப்புப் படம் ஒரு மாதம் சென்னையில் நிற்கும். பிறகு போய்விடும். இனி வராது.

"வெள்ளப் படத்த ஒட்டியே புத்து வந்துருக்கு மாமா. அம்மா என்னைய உள்ளயே விடல. கதவ வெளிய பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிது" என்றாள் சுடர்விழி.

"ஒம் மாப்ள என்ன சொல்றாரு?"

"அவரு சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு என்னத்தச் சொல்லுவாரு? 'அத்தை சொல்றதக் கேளு, ரிஸ்க் வேண்டாம்'ங்கிறாரு. எனக்கு மட்டும் பயமில்லையா மாமா? வயித்துல அசைவு கொஞ்ச நேரம் நின்னாலே கை காலெல்லாம் வெறச்சுப் போவுது. ஆனா அப்பா..." முடிக்காமல் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள்.

மருந்தை அவளிடம் கொடுக்கவில்லை. நானே வந்து பார்க்கிறேன் என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. செம்மண் ரோடு குழம்பாகக் கிடந்தது. மருந்துப் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நான் போனபோது அவர்கள் வீட்டுக் கொல்லையில் செருப்புகள் குவிந்திருந்தன. கொட்டகைக்குள் பத்தி புகை. என் வீட்டுக்காரி பரிமளா அங்கேதான் இருந்தாள், கையில் பால் சொம்போடு. வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புற்று மூலையிலிருந்து கிளம்பி, மூன்று முகடாக, என் இடுப்புக்குக் கீழே நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் சேலை சுற்றியிருந்தார்கள். அடியில் பால், முட்டை, வேப்பிலை. அதன் முதுகில் சாய்ந்தாற்போல வெள்ளைப் படம். செவந்தி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துப் புற்று மேல் கை நனைய நனையத் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத்தா தண்ணி?"

"காஞ்சா வெடிக்கும்ணே. வெடிச்சா ஆகாதுன்னு சந்தனம் சொன்னா. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா நனைச்சு வக்கிறேன்."

சந்தனம் எங்கள் தெருவில் சாமி வருகிறவள். சாமி வராத நேரத்தில் நல்ல மனுஷி, நூறு நாள் வேலையில் எல்லாரையும் சிரிக்க வைப்பாள். அன்று சிரிக்கவில்லை. படத்துக்கு அடியிலிருந்து ஒரு பாம்புச் சட்டையைக் குச்சியால் எடுத்து எனக்குக் காட்டினாள். சாண் நீளம், கண்ணாடித்தாள் மாதிரி. "பாத்துக்கங்கண்ணே. உள்ள ஆளு இருக்கு. புள்ள பொறந்து தீட்டுக் கழியிற வரைக்கும் ஒரு துரும்பு நகரக் கூடாது. நகந்துச்சு, வந்தவ வெறுங்கையோட போக மாட்டா."

செவந்தி செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.  பரிமளா என் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் கூட இருக்கிறவளிடம் என்ன மறைக்க முடியும்? என்னை வெளியே இழுத்துப்போய், "மருந்தத் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வந்தீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க. அந்தப் புள்ளைக்கு இன்னொருக்கா அப்புடி ஆனா நம்ம உசுரோட இருக்க முடியுமா?" என்றாள்.  மருந்துப் பாட்டிலோடு வீட்டுக்குத் திரும்பிப் போய், புளிச்சோறும் அப்பளமும் தின்று, அதைத் தின்ற ருசிகூடத் தெரியாமல் கை கழுவினேன்.

சனிக்கிழமை வண்டி வருவதற்கு முன்னால் காலையிலேயே சுடர்விழி போன் செய்தாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், இடுப்பில் சொருக மறந்த சாவியைத் தலையணைக்கு அடியில் கண்டுபிடித்துவிட்டேன், வாங்க என்றாள். போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், மச்சானுக்காக என்று சொல்லலாம். அந்தப் பிள்ளை தனியாக உள்ளே போய்விடுமே என்ற பயத்தில் போனேன் என்பதுதான் நிஜம்.

மருந்துப் பையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்ததும் ஈரமண் வாசனை அடித்தது. படத்தை நகர்த்த முடியுமா என்று ஓரத்தைப் பிடித்தேன். மரச்சட்டத்தின் அடிக்கட்டை பொரித்த அப்பளம் மாதிரி விரலுக்குள் நொறுங்கியது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சி ஓடியது. டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தேன். துணி தெரியவில்லை. அடியிலிருந்து பாதி வரை மண் போர்வை. முழுக்கப் புளியங்கொட்டைப் பசை அல்லவா, விருந்து வைத்த மாதிரிதான். காலையும் மாலையும் தண்ணீர் வேறு. காய்ந்த மண்ணில் திணறுகிற பூச்சிக்கு இதைவிட உபகாரம் யார் செய்வார்?

"இன்னும் ஒரு வாரம் விட்டா படமே இருக்காதுத்தா. இப்ப இத வெட்டி எடுத்தா மேல் பாதி தேறும்."

கொட்டகை மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்தேன். சுடர்விழி புற்றுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். இரண்டு கையும் வயிற்றின் மேல்.

"வேணாம் மாமா."

"நீதானத்தா கூப்ட்ட?"

"நாந்தான் கூப்ட்டேன். முடியல. அப்பா படம் போனாப் போவுது. வேணாம். இப்ப அசையல மாமா, புள்ள அசையல, கதவத் தொறந்ததுலேருந்து அசையல..." உதடு வெளுத்துப் போயிருந்தது. உட்கார வைக்கலாம் என்றால் புற்றுக்கு முன்னால் எங்கே உட்கார வைப்பது? கடப்பாரையைப் போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் செவந்தி நின்றாள். அரிசிப் பை கையில். எங்களைப் பார்த்து அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. என் கையில் ஒட்டியிருந்த சட்டத் தூளைப் பார்த்தாள். நேரே வந்து படத்தின் அடியில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போய்விட்டது.

"எப்புடிண்ணே?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். கடைக்காரப் புத்தி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஈரத்துக்குத்தான்த்தா ஏறும். நீ தெளிச்ச தண்ணி. பசையும் ருசியா இருந்துருக்கு."

"நான் தெளிச்ச தண்ணியா?" என்றாள். ரெண்டு தடவை கேட்டாள். பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மனுசன் அங்கிட்டு இருந்த காலமெல்லாம் நான் இங்கிட்டு இருந்தேன். என்ன செஞ்சாரு, எதுக்குப் பயந்தாரு, ஒண்ணும் தெரியாது. அந்தப் பனிய எனக்குன்னு வரைஞ்சு காட்டுனது இது ஒண்ணுதான். இதையும் நானே தின்னக் குடுத்துட்டனா?"

அரிசிப் பையைக் கீழே வைத்தாள். மகளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். "நீ வீட்டுக்குள்ளயும் இருக்கக் கூடாது. ரோட்டத் தாண்டி பரிமளா அத்தை வீட்டுக்குப் போ. திரும்பிப் பாக்காமப் போ. இங்க நடக்குறதுக்கும் ஒனக்கும் சம்மந்தமில்ல."

"அம்மா, வேணாம்மா..."

"போங்கிறேன்ல!"

சுடர்விழி ரோட்டைத் தாண்டும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு புற்றுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, மஞ்சள் சேலையை அவிழ்த்து மடித்துக் கொடியில் போட்டாள். என்னைக் கடப்பாரையைத் தொட விடவில்லை.

"ஆத்தா, நல்லாக் கேட்டுக்க. இடிக்கிறது செவந்தி. எம் மக இல்ல, அவ வயித்துல இருக்கிறது இல்ல, இந்த அண்ணனும் இல்ல. நீ ஆத்தாளா இருந்தா என்னைய எடுத்துக்க. கரையானா இருந்தா எம் புருசன் படத்த விட்டு எறங்கு."

கரையான் என்ற வார்த்தையை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். சொல்லிவிட்டுக் கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கினாள். பிறகு குத்தினாள்.

முதல் முகடு உடைந்தபோது நான் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டேன், பாம்பு வரும் என்று. வரவில்லை. இரண்டாவது முகடும் விழுந்தது. செவந்தி குத்தக் குத்த முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், அது அழுகையா வேண்டுதலா என்று புரியவில்லை. அடிமண்ணைப் பெயர்த்தபோது தேங்காய் அளவுக்கு ஒரு களிமண் உருண்டை உருண்டு வந்து பிளந்தது. உள்ளே ராணி. விரல் தடிமனில், வெளுத்து, முட்டை நிரம்பி, நகர முடியாமல் வயிறு மட்டும் அலை அலையாக அசைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பூச்சிகள் அதை நக்கிக்கொண்டிருந்தன.

செவந்தி கடப்பாரையை விட்டுவிட்டாள். "என்னண்ணே இது?"

"ராணி. இதக் கொன்னாத்தான் மத்ததெல்லாம் ஒழியும்." மருந்துப் பாட்டிலைத் திறந்தேன்.

"அண்ணே!" என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. "வயித்தப் பாருங்கண்ணே. புள்ளத்தாச்சிண்ணே. கொல்லாதீங்க. ஒங்க கால்ல விழுறேன்."

சுளகை எடுத்து வந்து, வேப்பிலை பரப்பி, அந்த உருண்டையை மண்ணோடு அள்ளி வைத்து, மேலே மஞ்சள் சேலையைப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டாள். மழை தூறிற்று. கண்மாய்க் கரை வரைக்கும் நனைந்துகொண்டே போனாள். நான் பின்னால் மண்வெட்டியோடு போனேன். வழியில் சந்தனம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தா எடம் மாத்திக்கிட்டா, வழி விடு" என்றாள் செவந்தி. சந்தனம் வழி விட்டாள், கும்பிடவும் செய்தாள். கரையில் ஒரு பனை அடியில் குழி பறித்து உருண்டையை வைத்து, மண் மூடி, தண்ணீர் ஊற்றினாள். "இங்க இருந்துக்க தாயி. எங்களுக்கு ஒண்ணும் செஞ்சுறாத."

உருண்டை உடைந்த ராணி பிழைக்காது. எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பிள்ளை அசைந்துவிட்டது என்று சுடர்விழி போன் செய்தாள்; மத்தியானம் வண்டி வந்தது. படத்தின் மேல் பாதி முழுசாகவும், கீழே மண் தடமும் ஓட்டையுமாகவும் இருந்தது. இசைவாணி போனில் படம் பார்த்துவிட்டு, எதையும் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், அப்படியே பலகையில் படுக்க வைத்து ஏற்றுங்கள் என்று கெஞ்சினாள். சட்டத்துக்கு மட்டும் மருந்து அடித்து ஏற்றினோம். அடுத்த மாதம் சிவப்பும் வெள்ளையும் ஒரே சுவரில் நின்றன. போட்டோ வந்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து செம்மண் கோடு கோடாக ஏறியிருந்ததை, ஊர் மண் பனியை மீறி வருகிறது, என்ன கற்பனை என்று பேப்பரில் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கரையான் போட்ட கோட்டையும் மச்சான் பெயரில் சேர்த்துவிட்டார்கள். இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

மச்சான் சொன்ன அந்தச் சத்தமில்லாத பயம் எனக்கு அந்த நாட்களில் ஓரளவு விளங்கிற்று. செல்போன் அடித்தால் பேர் பார்த்த பிறகுதான் எடுத்தேன். கடைக்கு வருகிறவன் "கரையானுக்கு..." என்று ஆரம்பித்தால் முடிக்கவிடாமல் பாட்டிலை நீட்டினேன். ஊரில் பாதிப்பேருக்கு விஷம் விற்றுப் பிழைக்கிற ஆள், ஒரு பூச்சிக்காகத் தினமும் கோயில் வாசலில் போய் நின்றேன்.  பரிமளா விபூதியை மட்டும் என் நெற்றியில் வைத்துவிட்டாள்.

வலி கண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் நானும் செவந்தியும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனவர்கள் யாரும் வெளியே வரவில்லை. டீ வாங்கிவந்து கொடுத்தேன். அப்படியே ஆறிப் போயிற்று. செவந்தி தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அண்ணே, அன்னைக்கு ஒங்கள அனுப்பிட்டு நான் திரும்பிக் கரைக்குப் போனேன்."

"எதுக்குத்தா?"

"மனசு கேக்கல. தோண்டிப் பாத்தேன். கட்டெறும்பு மொச்சுக் கெடந்துச்சு. வயிறெல்லாம் கிழிஞ்சு..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்ககிட்டச் சொன்னா ஒங்களுக்குப் பயமா இருக்கும்னுதான் சொல்லல. அன்னையிலேருந்து இவ நடக்குறப்ப, தூங்குறப்ப, சிரிக்கிறப்ப, எல்லாம் எனக்கு அதுதான் தெரியுது."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டியாக இருந்தது.

கதவு திறந்தது. "சுடர்விழி கூட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். செவந்தி எழுந்தாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்கண்ணே. என்னால முடியாது. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

போனேன். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "பொம்பளப் புள்ள. அம்மாவும் நல்லாருக்காங்க. அம்மாச்சிய வரச்சொல்லுங்க" என்றாள். சிவந்த முகம், இறுக்கிய கை, வாயெல்லாம் திறந்து வீல் வீலென்று கத்தல். அந்த வராந்தா முழுக்க எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தக் கத்த அதைத் தூக்கிக்கொண்டு செவந்தியிடம் வந்தேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தாள்.

"அண்ணே," என்றாள். "அழுகுதா?"

"அழுகுதுத்தா! காது கிழியிற மாதிரி அழுகுது, ஒனக்குக் கேக்கலையா?" என்று நானும் கத்தினேன்.